ஷிமாசு குலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமுராய் வரலாறு என்றாலே ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த நொபுனாகா, ஹிதேயோஷி, இயேயாசு என்ற மூன்று பெயர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. நொபுனாகாவின் அதிகாரம் அவரோடு போயிற்று. ஹிதேயோஷியின் குடும்பம் 1615-இல் ஒசாகா கோட்டையோடு அழிந்தது. இயேயாசு நிறுவிய டோக்குகாவா ஆட்சி 1868-இல் முடிந்தது. இந்த மூவருக்கும் நானூறு ஆண்டுகள் முன்பே தொடங்கி, மூவரின் ஆட்சியும் முடியும்வரை அதே மண்ணில் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

ஷிமாசு எந்த ஊர்க்காரர்கள்?

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷு. அதன் தென்கோடியில் சத்சுமா, ஓசுமி, ஹியூகா என்று மூன்று பழைய மாகாணங்கள். இன்றைய ககோஷிமா மாவட்டமும் மியாசாக்கி மாவட்டத்தின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். எதிரே சகுராஜிமா எரிமலை. மண் பெரும்பாலும் எரிமலைச் சாம்பல், தண்ணீர் நிற்காது, நெல்லுக்கு உகந்ததல்ல. தலைநகரங்களான கியோட்டோவுக்கும் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) வெகுதூரம், ஆனால் ரியூக்யூ தீவுகளுக்கும் (இன்றைய ஒகினாவா) சீனக் கடலுக்கும் பக்கம். நிலம் தராததைக் கடல் தந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் குலத்தின் பாதி வரலாறு புரிந்துவிடும்.

குலம் எப்படித் தொடங்கியது? முதலில் பெரிய போர்வீரர்களா?

இல்லை, அலுவலகத்து ஆட்கள். முதல் தலைவர் தாதாஹிசா, கோரெமுனே என்ற கியோட்டோ குடும்பத்தைச் சேர்ந்தவர். சட்டமும் கணக்கும் தெரிந்து, பிரபுக்களிடம் உத்தியோகம் பார்த்த குடும்பம் அது. தாதாஹிசா, கொனோயே என்ற பெரிய பிரபுக் குடும்பத்தின் நிழலில் இருந்தவர். அந்தக் குடும்பத்துக்குத் தெற்கே 'ஷிமாசு பண்ணை' என்ற மாபெரும் நிலத்தொகுதி இருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் இன்றைய மியாகோனோஜோ பக்கம் தொடங்கி, பின்னர் மூன்று மாகாணங்களிலும் பரவி, ஜப்பானிலேயே மிகப் பெரியதாக வளர்ந்த பண்ணை.

1185-இல் தாயிரா குலத்தை ஒழித்துவிட்டு மினாமோட்டோ யோரிடோமோ காமகுராவில் தன் இராணுவ ஆட்சியை நிறுவிக்கொண்டிருந்த நேரம். அவர்தான் தாதாஹிசாவை அந்தப் பண்ணையின் நிர்வாகியாக நியமித்தார். பிறகு 1197-இல் மாகாணக் காவல் பொறுப்பும் வந்தது. நிர்வாகம் பார்த்த பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். ஆனால் அவர் அங்கே குடியேறவில்லை. காமகுராவிலும் கியோட்டோவிலும் இருந்துகொண்டு ஆள் அனுப்பி வரி வசூலித்தார். 1203-இல் தாய்வழிச் சொந்தமான ஹிகி குடும்பம் அதிகாரப் போட்டியில் அழிக்கப்பட்டபோது இவர் பதவிகளும் பறிபோயின. சத்சுமா மட்டும் பின்னால் திரும்பக் கிடைத்தது.

குலம் உண்மையாகவே தெற்கே இறங்கியது மங்கோலியர்களால். 1274-இல் முதல் படையெடுப்பு நடந்ததும், கியூஷுவில் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாம் நேரில் போய்க் கரையைக் காக்க வேண்டும் என்று காமகுரா உத்தரவிட்டது. மூன்றாம் தலைவர் ஹிசாத்சுனே அப்படிப் போனவர்தான்.

தாதாஹிசா, யோரிடோமோவின் இரகசிய மகன் என்கிறார்களே?

குலத்தின் சொந்தக் கதை அப்படித்தான் சொல்கிறது. யோரிடோமோவால் கருவுற்ற தான்கோ என்ற பெண், அவர் மனைவி மசாகோவின் கோபத்துக்குப் பயந்து ஓடிவருகிறாள். ஒசாகாவில் சுமியோஷி கோவில் வாசலில் மழை இரவில் வலி எடுக்கிறது. நரிகள் விளக்கேற்றி வழிகாட்ட, ஒரு பாறையின்மேல் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பாறை இன்றும் கோவிலில் இருக்கிறது. ஷிமாசு குடும்பத்தில் மழை நல்ல சகுனமானதும் இதனால்தான்.

கதை அழகு. கணக்குதான் உதைக்கிறது. குல வரலாறு அவர் 1179-இல் பிறந்ததாகச் சொல்கிறது. அதே 1179-இல் ஒரு கியோட்டோ பிரபு எழுதிய நாட்குறிப்பில், காசுகா விழாவுக்குப் போன அதிகாரிகள் வரிசையில் தாதாஹிசா பெயர் இருக்கிறது. பிறந்த வருடமே உத்தியோகத்தில் சேர்ந்த பிள்ளை எங்கும் கிடையாது. ஆனாலும் ஷிமாசு குடும்பம் இந்த உறவை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1779-இல் காமகுராவில் யோரிடோமோவின் சமாதியைச் செப்பனிட்டதே ஷிமாசு ஷிகேஹிதேதான், அதற்குப் பக்கத்திலேயே தாதாஹிசாவுக்கும் ஒரு சமாதி எழுப்பிக்கொண்டார்.

கொடியில் சிலுவை இருக்கிறதே, கிறிஸ்தவர்களா?

வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி, அதுதான் குலச் சின்னம். கிறிஸ்தவத்தோடு தொடர்பில்லை. மங்கோலியப் படையெடுப்பைச் சித்தரிக்கும் 13-ஆம் நூற்றாண்டுச் சுருள் ஓவியத்திலேயே ஷிமாசு படகில் அந்தக் குறி பறக்கிறது. கிறிஸ்தவம் ஜப்பானுக்கு வந்தது அதற்கு 250 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. சுற்றியுள்ள வட்டம் பின்னால் சேர்ந்தது.

ஆனால் அந்த மதம் வந்து இறங்கியது இவர்கள் மண்ணில்தான். 1549 ஆகஸ்டில் ககோஷிமாவில் கரையிறங்கியவர் புனித சவேரியார். அதற்குச் சில ஆண்டுகள் முன் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய, கோட்டாறில் பேராலயம் உள்ள அதே சவேரியார். அவரை அழைத்துவந்த அஞ்சிரோ, ககோஷிமாக்காரர். ஊரில் ஒரு கொலைக் குற்றத்துக்காகத் தப்பியோடி, கோவாவில் திருமுழுக்கு பெற்றவர். அப்போதைய தலைவர் ஷிமாசு தகாஹிசா சவேரியாரை வரவேற்றுப் போதிக்க அனுமதி கொடுத்தார். போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் தன் துறைமுகத்துக்கு வரும் என்ற கணக்கு அவருக்கு. கப்பல்கள் வேறொரு துறைமுகமான ஹிராதோவுக்குப் போயின, பௌத்தத் துறவிகளும் எதிர்த்தார்கள், மறுவருடமே அனுமதி ரத்து.

இத்தனை நூற்றாண்டும் ஒற்றுமையாகவா இருந்தார்கள்?

எங்கே! 14-ஆம் நூற்றாண்டிலேயே ஐந்தாம் தலைவர் சதாஹிசா சத்சுமாவை ஒரு மகனுக்கும் ஓசுமியை இன்னொரு மகனுக்கும் பிரித்துக் கொடுத்தார். அப்புறம் பங்காளிச் சண்டைதான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூலக் கிளையே ஆட்டம் கண்டுவிட்டது. இசாகு என்ற கிளையைச் சேர்ந்த தாதாயோஷி, தன் மகன் தகாஹிசாவை மூலக் கிளைக்குத் தத்துக் கொடுத்து, வருடக்கணக்கில் உறவினர்களோடு போரிட்டு, குலத்தைத் திரும்ப ஒட்டவைத்தார்.

தாதாயோஷி இன்னொரு காரியமும் செய்தார். ஜப்பானிய எழுத்து வரிசையில் ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் 47 அறப்பாட்டுகளை எழுதினார். முன்னோர் வழியைக் கேட்டாலும் ஓதினாலும், நடக்கவில்லையென்றால் பயனில்லை என்பது முதல் பாட்டு. சத்சுமா சாமுராய் பிள்ளைகள் அடுத்த 300 ஆண்டுகள் இதை மனப்பாடம் செய்தார்கள். அகர வரிசையில் அறம் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது.

'ஷிமாசு நான்கு சகோதரர்கள்' யார்?

தகாஹிசாவின் மகன்கள்: யோஷிஹிசா, யோஷிஹிரோ, தோஷிஹிசா, இயேஹிசா. மூத்தவர் தலைவர், இரண்டாமவர் போர்க்களத்துப் புலி, மூன்றாமவர் தந்திரி, நான்காமவர் படை நடத்துவதில் மேதை என்று நான்கு பேருக்கும் நான்கு குணம் ஒதுக்கிக் கதை சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் சாதனை மிகையல்ல. 1572-இல் கிசாகிபாருவில் யோஷிஹிரோ சுமார் 300 பேரோடு ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட இத்தோ படையை உடைத்தார். 1578-இல் மிமிகாவாவில் ஓதோமோ குலத்தின் பெரும்படை சிதறியது. 1584-இல் ஷிமாபாராவின் சதுப்பு வழியில் இயேஹிசா, எதிரிக் குலத் தலைவர் ரியூசோஜி தகானோபுவையே வீழ்த்தினார்.

இவர்கள் விரும்பிய உத்தி ஒன்று உண்டு. நடுப்படை தோற்று ஓடுவதுபோல் பின்வாங்கும். எதிரி துரத்தி வருவான். இரு பக்கமும் பதுங்கியிருப்பவர்கள் பாய்வார்கள், ஓடியவர்களும் திரும்புவார்கள். சொல்வது சுலபம். நடிப்பு ஓட்டம் நிஜ ஓட்டமாகிவிடாமல் இருக்க அசாத்தியக் கட்டுப்பாடு வேண்டும்.

துப்பாக்கியும் இவர்களுக்கு முதலில் எட்டியது. 1543-இல் போர்ச்சுக்கீசியர் துப்பாக்கியோடு வந்து சேர்ந்த தானேகாஷிமா தீவு, ஷிமாசுவுக்குக் கட்டுப்பட்ட குடும்பத்தின் கையில் இருந்தது.

கியூஷு முழுவதும் கைக்கு வந்ததா?

கிட்டத்தட்ட. 1587-இல் ஹிதேயோஷி இரண்டு லட்சம் பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு இறங்கினார். யோஷிஹிசா எதிர்த்துப் பார்த்தார், முடியவில்லை. தலையை மழித்து, துறவிக் கோலத்தில் தாயிஹெய்ஜி கோவிலில் போய்ப் பணிந்தார். பிடித்த இடங்கள் போயின, பழைய சொந்த மண் பெரும்பாலும் மிஞ்சியது. எப்போது சண்டை போடுவது என்பதைப் பல குலங்கள் அறிந்திருந்தன, எப்போது நிறுத்துவது என்பதை அறிந்தவை குறைவு. இயேஹிசா அதே வருடம் இறந்தார். தோஷிஹிசா 1592-இல் ஹிதேயோஷியின் கோபத்துக்குப் பலியானார்.

கொரியப் போருக்குப் பூனைகளைக் கூட்டிப்போனது நிஜமா?

ககோஷிமாவின் செங்கன்-என் தோட்டத்தில் பூனைகளுக்கென்றே ஒரு சிறு கோவில் இருக்கிறது. யோஷிஹிரோ ஏழு பூனைகளைக் கொரியாவுக்குக் கொண்டுபோனார், கண்மணி விரிவதையும் சுருங்குவதையும் பார்த்து நேரம் கணித்தார்கள், இரண்டு உயிரோடு திரும்பின என்பது அங்கே சொல்லப்படும் கதை. இன்று வளர்ப்புப் பூனைக்கு நோய் வந்தவர்கள் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள்.

பூனைக் கதையோடு நிறுத்திவிடக் கூடாது. ஹிதேயோஷி தொடங்கிய அந்தப் படையெடுப்பு கொரியாவைச் சூறையாடியது. 1598-இல் சாச்சோனில் பெரும் சீன (மிங்)-கொரியப் படையை யோஷிஹிரோ தோற்கடித்தார். திரும்பும்போது கொரியக் குயவர்களைப் பிடித்துவந்தார்கள். உலகம் புகழும் சத்சுமா பீங்கான் அவர்கள் கைவேலை. ஊர் திரும்ப முடியாதவர்களின் கைவேலை.

செகிகஹாராவில் 'முன்னோக்கிப் பின்வாங்கியது' என்றால் என்ன?

1600 அக்டோபரில் நடந்த செகிகஹாரா போர், இயேயாசுவை ஜப்பானின் எஜமானாக்கியது. யோஷிஹிரோவுக்கு அப்போது 66 வயது. அவரிடம் இருந்தது சுமார் 1,500 பேர்தான். குலத்தின் முழுப் படையும் ஊரில் இருந்தது, அண்ணன் அனுப்பவில்லை. முதலில் இயேயாசு தரப்பில் ஃபுஷிமி கோட்டையைக் காக்கத்தான் போனார், கோட்டைக் காவலர் உள்ளே விடவில்லை, அதனால் இயேயாசுவை எதிர்த்த மேற்குத் தரப்பில் சேர நேர்ந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

போர் நாளன்று யோஷிஹிரோ பெரும்பாலும் அசையவே இல்லை. மதியம் மேற்குத் தரப்பு உடைந்து ஓடியபோது, நாலா பக்கமும் எதிரிக்கு நடுவில் அவர் படை தனியே நின்றது. பின்னால் ஓடினால் மலை, துரத்தும் கூட்டம். அதனால் எதிரியின் நட்டநடுவே, இயேயாசுவின் முகாமைத் தொட்டுக்கொண்டு போகும் பாதையில், முன்பக்கமாகவே பாய்ந்து வெளியேற முடிவெடுத்தார்.

துரத்தியவர்களைத் தடுத்த விதம்தான் இன்றும் பேசப்படுகிறது. சில பேர் கொண்ட சிறு குழு ஒன்று பாதையில் உட்கார்ந்துவிடும். துப்பாக்கியால் சுடும், ஈட்டியோடு மோதும், அங்கேயே சாகும். கொஞ்ச தூரம் தள்ளி அடுத்த குழு உட்காரும். தம்பி இயேஹிசாவின் மகன் தோயோஹிசா இப்படி இறந்தார். இன்னொரு தளபதி தானே யோஷிஹிரோ என்று கூவி எதிரியை இழுத்து மாண்டார். துரத்திவந்த இயி நவோமாசா குண்டடிபட்டு விழுந்தார், இரண்டு ஆண்டுகளில் இறந்தும் போனார். யோஷிஹிரோ மலைவழியாகச் சுற்றி வந்து, ஒசாகாவில் பணயமாக இருந்த குடும்பத்துப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு கப்பலில் ஊர் சேர்ந்தார். கூட வந்தவர்கள் சுமார் 80 பேர் என்கிறார்கள்.

1,500 பேரில் 80. வீரம்தான், ஆனால் ஒரு கிழவரை ஊர் சேர்க்கக் கொடுத்த விலை என்றும் அதைப் படிக்கலாம்.

தோற்ற தரப்பில் நின்றும் நிலம் ஏன் பறிபோகவில்லை?

யோஷிஹிசா ஊரில் இருந்தபடி, "அது தம்பி தனியாகச் செய்தது, குலத்துக்குச் சம்பந்தமில்லை" என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். எல்லையில் கோட்டைகளையும் பலப்படுத்தினார். இயேயாசு நேரில் வரச் சொன்னால் உடம்பு சரியில்லை, செலவுக்குப் பணமில்லை என்று சாக்கு. கடைசித் தெற்குமூலை வரை படை நடத்திப் போவது இயேயாசுவுக்கும் தலைவலி. இரண்டு வருடம் இழுத்து 1602-இல் நிலம் முழுவதும் உறுதிப்பட்டது. என் கணக்கில் குலத்தின் மிகப் பெரிய வெற்றி இதுதான்.

ரியூக்யூவை எப்போது பிடித்தார்கள்?

1609-இல். ரியூக்யூ, இன்றைய ஒகினாவா, அப்போது சீனாவுக்குக் கப்பம் கட்டிய தனி அரசு. சுமார் 3,000 சத்சுமா வீரர்கள் போனார்கள். அரசர் ஷோ நெய் சிறைப்பிடிக்கப்பட்டு எடோ வரை கொண்டுபோகப்பட்டு, 1611-இல் திரும்பினார். அரசு மட்டும் பெயருக்கு நீடித்தது, சீன வணிகம் நிற்கக் கூடாதே! சீனத் தூதர்கள் வரும்போது சத்சுமா அதிகாரிகள் ஒளிந்துகொள்வார்கள். வடக்கே அமாமி தீவுகள் நேரடியாகச் சத்சுமாவுக்குப் போயின. அங்கே மக்கள் கரும்பு மட்டுமே பயிரிட வேண்டும், வெல்லத்தைத் தனியாக விற்றால் கடும் தண்டனை. ஷிமாசு பெருமையைப் பேசும்போது ஒகினாவாவிலும் அமாமியிலும் முகம் சுளிப்பது இதனால்தான்.

சத்சுமாவில் மட்டும் சாமுராய்கள் ஏன் அவ்வளவு பேர்?

நாடு முழுவதும் நூற்றுக்கு ஐந்தாறு பேர் சாமுராய் என்றால், சத்சுமாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். பழைய படையைக் கலைக்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குடியமர்த்திவிட்டார்கள். அவர்கள் வாளும் வைத்திருப்பார்கள், வயலிலும் வேலை செய்வார்கள். ககோஷிமா கோட்டைக்கு உயர்ந்த கோபுரமே கிடையாது, ஆட்களே கோட்டை என்பது அவர்கள் பேச்சு. ஏட்டில் 7,70,000 கொக்கு வருமானம், காகா குலத்துக்கு அடுத்த இடம். (ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர், ஒருவரின் ஒரு வருட அரிசி.) ஆனால் அது நெல்லாக அளந்த கணக்கு. குத்தி அரிசியாக்கினால் கிட்டத்தட்டப் பாதி. இத்தனை சாமுராய்களுக்கும் சோறு போட்ட உழவர்கள் மேல் வரி எப்படி விழுந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வளவு கடன் எப்படி வந்தது?

ஒரு காரணம் டோக்குகாவா அரசு சுமத்திய ஆற்றுப் பணி. 1754-55-இல் நடு ஜப்பானில் கிசோ உள்ளிட்ட மூன்று ஆறுகளின் கரைகளைச் சீரமைக்கச் சத்சுமா தன் செலவில் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. நோயாலும் தற்கொலையாலும் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பாளர் ஹிராதா யுகியே வேலை முடிந்ததும் உயிர் விட்டார். அப்புறம் ஷிகேஹிதேயின் ஆடம்பரம். 1830 வாக்கில் கடன் 50 லட்சம் ரியோ (அக்காலப் பொன் நாணயம்). சீர்திருத்த அதிகாரி சுஷோ ஹிரோசாதோ கடன்காரர்களைக் கூப்பிட்டு, வட்டி கிடையாது, 250 வருடத் தவணையில் தருகிறோம் என்றார். 1871-இல் சத்சுமா அரசே கலைக்கப்பட்டது. மீதி என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதில்லை.

நரியாகிராவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1851-இல் பதவிக்கு வந்து 1858-இல் இறந்தவர், ஏழே வருடம். அதற்குள் ககோஷிமாக் கடற்கரையில் பீரங்கி வார்க்கும் உலைகள், கண்ணாடிப் பட்டறை, கப்பல் கட்டுதல் எல்லாம் தொடங்கினார். டச்சுப் புத்தகங்களை மொழிபெயர்க்கவைத்து, வரைபடத்தைப் பார்த்தே உலை கட்டினார்கள். ஜப்பானியர் எடுத்து இன்றும் மிஞ்சியுள்ள மிகப் பழைய புகைப்படம் 1857-இல் எடுத்த இவருடைய படம்தான். கீழ்நிலைச் சாமுராயான சைகோ தகாமோரியைக் கண்டெடுத்ததும் இவரே. தத்து மகள் அத்சுஹிமேயை டோக்குகாவா ஆட்சியாளரான ஷோகன் இயேசாதாவுக்கு மணமுடித்தார். 1868-இல் புகுந்த வீட்டைக் காப்பாற்றும்படி பிறந்த வீட்டுப் படைக்கே கடிதம் எழுதும் நிலை அந்தப் பெண்ணுக்கு வந்தது.

பிரிட்டனோடு போர் வந்தது எப்படி?

1862-இல் நமாமுகி கிராமத்தருகே, நரியாகிராவின் தம்பி ஹிசாமிட்சுவின் ஊர்வலத்தில் குதிரையோடு குறுக்கே வந்த ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வணிகரைச் சத்சுமா வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். 1863 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமாவைச் சுட்டு எரித்தன. ஆனால் கரைப் பீரங்கிகள் கொடிக்கப்பலின் தலைவரையே கொன்றன. சத்சுமா 25,000 பவுண்ட் இழப்பீடு கொடுத்தது, அதுவும் டோக்குகாவா அரசிடம் கடன் வாங்கி. சுவாரசியம் அடுத்ததுதான்: சுட்டவனிடமே கப்பலும் துப்பாக்கியும் வாங்கத் தொடங்கினார்கள். 1865-இல் வெளிநாட்டுப் பயணம் சட்டவிரோதமாக இருந்தபோதே 19 பேரை இரகசியமாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

சைகோ தகாமோரி ஷிமாசு குலத்தவரா? குல ஆட்சி எப்படி முடிந்தது?

குலத்தவர் இல்லை, குலத்தின் ஊழியர். ஓகுபோ தோஷிமிச்சியும் அப்படியே. 1866-இல் பழைய எதிரியான சோஷூ ஆட்சிப்பகுதியோடு கூட்டணி, 1868-இல் டோக்குகாவா வீழ்ச்சி. மூன்றே வருடத்தில் இந்த ஊழியர்கள் எல்லாக் குலங்களின் ஆட்சியையும் கலைத்தார்கள், தங்கள் எஜமானுடையதையும் சேர்த்து. செய்தி கேட்ட ஹிசாமிட்சு, ஆத்திரத்தில் இரவு முழுவதும் தன் மாளிகையில் வாணவேடிக்கை விடச் சொன்னாராம். சாகும்வரை குடுமியை வெட்டவில்லை. 1877-இல் சைகோ புதிய அரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது ஷிமாசு குடும்பம் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஒதுங்கி நின்று தப்பும் பழைய வழக்கம் மறுபடி கைகொடுத்தது. 1884-இல் குடும்பத்தின் இரு கிளைகளுக்குக் கோமகன் பட்டம் கிடைத்தது.

லேப் கருவிகள் செய்யும் ஷிமாசு நிறுவனம் இவர்களுடையதா?

இல்லை. அது 1875-இல் கியோட்டோவில் ஷிமாசு கென்சோ தொடங்கியது. அவருடைய முன்னோர் ஒருவருக்கு யோஷிஹிரோ தன் குடும்பப் பெயரையும் சின்னத்தையும் பரிசாகக் கொடுத்ததாக நிறுவனத்தார் சொல்கிறார்கள். அதனால்தான் கல்லூரி ஆய்வகத்துக் கருவியிலும் வட்டத்துக்குள் அதே குறி.

வம்சம் இன்னும் இருக்கிறதா? எங்கே போனால் பார்க்கலாம்?

இருக்கிறது, தலைமுறை எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது. பதவி துறந்த பேரரசர் அகிஹிதோவின் தாய்வழிப் பாட்டியும் ஷிமாசு குடும்பத்துப் பெண்தான். ககோஷிமாவில் 1658-இல் அமைத்த செங்கன்-என் தோட்டத்தைக் குடும்ப நிறுவனமே நடத்துகிறது. பக்கத்தில் 1865-இல் கட்டிய கல் தொழிற்கூடம் அருங்காட்சியகமாக இருக்கிறது, 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2025 முதல் தோட்டத்தருகிலேயே ரயில் நிற்கிறது. முடிந்தால் அக்டோபரில் போங்கள். செகிகஹாராவில் இறந்தவர்களை நினைத்து, ககோஷிமாவிலிருந்து இஜூயின் வரை 20 கிலோமீட்டர் அளவு நடக்கும் மியோயென்ஜி நடைப்பயணம் அப்போதுதான். நல்ல செருப்பு அவசியம்.